முன்னால் சாமி, பின்னால் அம்மா

கோலா சாவா
3 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை ஷாமினி. இங்கே அம்மா, அப்பா, நான், கொல்லைப் பூனை எல்லாரும் சுகம். கூலிமில் நீயும் ஹேமநாதன் அத்தானும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமா? வாந்தி நின்றுவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

போனில் நான் "ம்", "சரி" தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்று கோபித்துக்கொண்டாய். "பேச வரலன்னா எழுது லா" என்றாய். எழுதுகிறேன். போனைக் காதில் வைத்ததும் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடுகிறது. தாள் என்னை அவசரப்படுத்தாது.

பெரிய செய்தி ஒன்று. அப்பா பள்ளிக்கூட வேனை விற்கப் போவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோன பிறகு அது ஏற்றிப்போக ஆளில்லாமல் செம்பனை நிழலில் நின்றுகொண்டிருந்தது. அதை ஒரு வீடாக்கப் போகிறார். படுக்கலாம், சமைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா அதற்குள் தண்ணீர் மாற்றலாம்.

சிறுநீரகம் நின்றுபோனதிலிருந்து அம்மா படும் பாடு உனக்குத் தெரியும். ஒரு நாளில் நான்கு முறை மருந்துத் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கி, பழையதை வெளியேற்ற வேண்டும். ஜன்னல் சாத்திய சுத்தமான அறை வேண்டும், விசிறி ஓடக்கூடாது. கூலிமுக்கு நம் வேன் போய்ச் சேர அரை நாளுக்கு மேல் ஆகும். நெடுஞ்சாலைக் கழிப்பறையில் மாற்ற முடியுமா? உங்கள் வீடோ நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. நீ கல்யாணமாகிப் போன வீட்டை அம்மா இன்னும் பார்க்கவில்லை. இப்போது டாக்டர் உன்னையும் பயணம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அம்மா அழவில்லை. "தலப்புள்ளைக்குத் தாய் போடற வளையல வீடியோ கால்ல போட முடியுமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அப்பா ஸ்பேனர் பெட்டியோடு வேனுக்குப் போய்விட்டார்.

இருக்கைகளைக் கழற்றியபோது கடைசி வரிசைக்கு அடியில் நீ பள்ளிக்குக் காலில் போட்டுப்போன வெள்ளைச் சப்பாத்து ஒன்று கிடந்தது. உள்ளே "ரோகினி" என்று உன் கையெழுத்து. அது தொலைந்ததற்கு நீ வாங்கிய ரோத்தான் பிரம்படியை இன்னும் இந்த வீட்டில் கதையாகச் சொல்கிறார்கள். அம்மா அதன் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு, "அடிச்சது அடிச்சதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
ஷாமினி


கூலிம், கெடா
14 மார்ச் 2024

செல்லத் தங்கச்சிக்கு,

நான் சுகம். வாந்தி குறைந்திருக்கிறது. ஊறுகாய் வாசம் மட்டும் ஆகவில்லை, அம்மாவிடம் சொல். அம்மாவின் கால் வீக்கம் எப்படி?

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் தங்கச்சிக்கு இவ்ளோ பேச வருமா?" என்றார். கல்யாண வீட்டில் அவர் உன்னிடம் தண்ணீர் கேட்டபோது நீ கிளாஸை நீட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்ததை அவர் மறக்கவில்லை.

ஏழாம் மாதம், ஜூன் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைக்கலாம் என்று என் மாமியார் சொல்கிறார். அம்மா வருவார் என்று நம்பலாமா? நம்பி ஏமாந்தால் தாங்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்து, மல்லாந்து படுத்தால் தலையைத் தூக்க முடியாதே. வேனுக்கு அடியில் படுத்து அந்த இருக்கை போல்ட்டுகளைக் கழற்றியது யார்?

சப்பாத்தை எறிந்துவிடாதே.

அக்கா,
ரோகினி


கோலா சாவா
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஷாமினி எழுதுகிறேன். அம்மாவின் கால் வீக்கம் வற்றியிருக்கிறது. ஊறுகாய் ஜாடியை இப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டார், நீ ஏதோ இந்த வீட்டில் இருப்பது மாதிரி.

நீ அப்பாவை இப்போது பார்க்க வேண்டும். காலையில் நீலாயில் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் வேனுக்குள் ஏறிவிடுகிறார். அளவுகோலே வைப்பதில்லை. அம்மாவை ஒரு முறை உட்காரச் சொல்லிப் பார்த்தார், அவ்வளவுதான். கட்டில் அம்மாவின் முழங்கால் உயரத்துக்கே வந்துவிட்டது. எதையும் வெல்டிங் செய்யவில்லை. வண்டிப் பரிசோதனைக்குப் போகும்போது கழற்ற வசதியாக எல்லாமே போல்ட்தான்.

பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி அத்தை தினமும் வேலியோரம் வந்து நிற்கிறார்.

"என்னாண்ணே, வேன்ல வீடு கட்றீங்களா? அப்ப வீட்ட எங்க ஓட்டிக்கிட்டுப் போவீங்க?"

"உங்க வீட்டுக்குத்தான். சோறு போடுவீங்கல்ல?"

"உங்க வீட்டுக்காரம்மா நீலாவதிய மட்டும் அனுப்புங்க. நீங்க வேன்லயே படுங்க" என்றார் அத்தை. ஆனால் போகும்போது தன் வீட்டில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் தரைவிரிப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். துடைத்தால் பளிச்சென்று இருக்கிறது.

பெரிய சிக்கல் ஒன்று வந்தது. மருந்துப் பை அம்மாவின் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கினால்தான் தண்ணீர் இறங்கும். வெளியேறும் தண்ணீருக்கான பை வயிற்றுக்குக் கீழே இருந்தால்தான் நிரம்பும். நம் வேனின் கூரையோ குட்டை. அம்மாவைத் தாழ உட்காரவைத்தால் மேலே இடம் கிடைக்கிறது, கீழே இடம் போய்விடுகிறது. பல நாள் வேலை இதிலேயே நின்றது. பிறகு, பிள்ளைகள் கால் வைத்து ஏறும் படிக்கட்டுக் குழி நினைவுக்கு வந்தது. இழுப்புக் கதவுக்குள்ளே அது தரையைவிட ஒரு சாண் கீழே இருக்கிறது. கதவைப் பார்த்து அம்மா தாழ்ந்த நாற்காலியில் உட்கார, கீழ்ப் பையைக் குழிக்குள் பேசினில் வைத்துவிடலாம். சோதித்துப் பார்த்தோம். தண்ணீர் ஓடுகிறது, அக்கா!

இன்னொன்று. பையைக் கொஞ்சம் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும். நம் வேனுக்கு எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தானே? அப்பா அதன் மூடிமேல் ஒரு மரப்பெட்டி பொருத்திவிட்டார். வண்டி ஓட ஓடப் பை தானாகவே வெதுவெதுப்பாகிவிடும். கிளினிக்கின் நர்ஸ் மிஸ்ஸி கேட்டுவிட்டுச் சிரித்தார். "மணிக்கட்டுல வச்சுப் பாத்துட்டு ஏத்து, சுட்டா வேணாம்" என்றார். இப்படி யாருக்குத் தோன்றும்? அப்பாவுக்குத்தான் தோன்றும்.

நீ இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்று அம்மா சொல்லச் சொன்னார்.

ஷாமினி


கூலிம்
19 ஏப்ரல் 2024

செல்லத்துக்கு,

சுகம். பிள்ளை உதைக்கத் தொடங்கியிருக்கிறது, இடப்பக்கம் படுத்தால் கூடுதலாக.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மரப்பெட்டியைப் பொருத்தியது அப்பா என்று எழுதியிருக்கிறாய். கட்டில் செய்ததும் அப்பா என்று எழுதியிருக்கிறாய். படிக்கட்டுக் குழி மட்டும் "நினைவுக்கு வந்தது". யாருக்கு? போல்ட்டைக் கழற்றியது யார் என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

சரி, சொல்லாதே. வந்து சேருங்கள், போதும்.

அக்கா


கோலா சாவா
19 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், வெயில்தான் தாங்கவில்லை. உனக்குத் தலைசுற்றல் இல்லையே?

இன்று வேனை முதல் முறையாக ஓட்டிப் பார்த்தோம். போர்ட்டிக்சனுக்குப் போனோம், கடற்கரைக்கு. தோட்டத்து ரோட்டு முனையில் முனியாண்டி கோயிலில் அப்பா வண்டியை நிறுத்தினார். தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தார். "பீச்சுக்குப் பட்டா?" என்று அப்பா கேட்டதற்கு, "பீச்சுக்கில்ல, வண்டிக்கு" என்றார்.

கடலோரம் சவுக்கு மரத்தடியில் நிறுத்தினோம். தண்ணீர் மாற்றும் நேரம் வந்தது. அப்பா விசிறியை நிறுத்திவிட்டு வெளியே இறங்கி, யாரும் கதவைத் தட்டிவிடாமல் காவலுக்கு நின்றார். அம்மா மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த மாதிரியே விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கை கழுவித் துடைத்தார். கட்டிலுக்கு மேலே அப்பா ஒரு சின்னத் தட்டு அடித்து முருகன் படம் வைத்திருக்கிறார். புது இடம், முதல் தடவை என்பதால் அம்மா அங்கேயிருந்த விபூதியை எடுத்துத் தனக்கும் எனக்கும் பூசிவிட்டு உட்கார்ந்தார். அம்மாவே குழாயை இணைத்தார். தண்ணீர் ஒரு தடையும் இல்லாமல் இறங்கியது.

ஆனால் நான் எழுத வந்தது இதுதான். அம்மாவின் நாற்காலிக்கு நேர் எதிரே கதவின் கண்ணாடி. அதில் முழுக்கக் கடல். இரண்டு வருடமாக அம்மா தண்ணீர் மாற்றும்போது நம் வீட்டுச் சுவரைத்தான் பார்த்திருக்கிறார். இன்று அலை வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்த பிறகும் கதவைத் திறக்க வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்றார்.

வளையல் வாங்கியாகிவிட்டது. பச்சையும் சிவப்பும். ஜூன் பதினாறு!

ஷாமினி


கூலிம்
18 ஜூன் 2024

ஷாமினிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று வழக்கமாகக் கேட்பதுபோல் இந்த முறை கேட்கவில்லை. உண்மையாகக் கேட்கிறேன்.

நான் மே கடைசியில் எழுதியதற்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. அம்மா போனில் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அப்பா "பிரேக் சாமான் வரல லா" என்கிறார். நீ எழுதவே இல்லை.

அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவள் நீ ஒருத்திதான். அதனால்தான் உன் கடிதம் வரவில்லை என்று எனக்குத் தெரிகிறது. பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லக்கூடாது என்று உன் கையைக் கட்டியிருக்கிறார்கள். சொல்லாமல் இருப்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை என்று அப்பாவிடம் காட்டு.

அக்கா


கோலா சாவா
23 ஜூன் 2024

அன்பு மகள் ரோகினிக்கு அப்பா முருகையா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் முருகன் துணை.

உன் கடிதத்தை ஷாமினி என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு வயிற்றில் கிருமி புகுந்துவிட்டது. கடற்கரைக்குப் போய் வந்த மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி வந்தது, காய்ச்சலும் வலியும். வார்டில் சேர்த்தோம். மருந்து போட்டு இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. அடுத்த வாரம் வீட்டுக்கு விடுவதாகச் சொல்கிறார்கள். பயப்படாதே.

எப்படி வந்தது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. மிஸ்ஸி அம்மாவிடம், "அன்னிக்கு வேன்ல எப்படிச் செஞ்சீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார். அம்மா நன்றாகக் கை கழுவினாள், துடைத்தாள். பிறகு அவள் கை தானாகவே விபூதியைத் தேடியது. மிஸ்ஸி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கழுவிய கையால் விபூதியைத் தொட்டதுதான் கிருமி வந்த வழி என்று அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் சாமி அறை தனி, அதனால் இந்த வம்பு வந்ததில்லை. வேனில் சாமியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தது நான்தான்.

ஆனால் ஷாமினி தன்னைத்தான் நொந்துகொள்கிறாள், பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை என்று. பை மாட்டும் கொக்கியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். வேன் பக்கம் போவதில்லை.

ஒன்று சொல்கிறேன். தபாலில் போடும் முன் அவள் உனக்கு எழுதும் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள், நான் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பேன். யார் செய்தது என்று அவள் எழுதாத இடத்திலெல்லாம் அவள் பெயரைப் போட்டுப் படி. அடியில் படுத்தவள் அவள். குழியைக் கண்டுபிடித்தவள் அவள். மூன்றாம் பார வகுப்போடு பள்ளியை நிறுத்தி அம்மாவைப் பார்க்க உட்கார்ந்தாள், அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு குறை வந்ததில்லை. வேறு எதுவும்தான் வந்ததில்லை.

நீ எழுதினால் கேட்பாள்.

அப்பா


கூலிம்
28 ஜூன் 2024

என் தங்கச்சிக்கு,

அம்மா இன்று போனில் உண்மையான குரலில் பேசினார். எனக்கு உயிர் வந்தது. நீ சாப்பிடுகிறாயா?

நீ கண்ணை மூடிக்கொண்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்? சாமி கும்பிடும் அம்மாவைப் பார்த்தாய். அதில் ஆபத்து இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் நெற்றியைத்தான் நீட்டத் தோன்றியிருக்கும்.

ஏழாம் மாதம் போனால் ஒன்பதாம் மாதம் இருக்கிறது. ஆகஸ்ட் பதினொன்று, ஞாயிறு. கொக்கியை மாட்டு.

அக்கா


கோலா சாவா
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிறது. கஞ்சி போதும், மீன் வை என்று சண்டை பிடிக்கிறார். அப்படியென்றால் சுகம்தான். உன் கால் வீங்குகிறதாமே, தலையணை வைத்து உயர்த்திக்கொள்.

பயணத்துக்கு டாக்டர் சரி சொல்லிவிட்டார். மிஸ்ஸி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தண்ணீர் மாற்றும் இடத்தில் பூ, விபூதி, சாம்பிராணி எதுவும் கூடாது. அப்பா உடனே சாமி தட்டைக் கழற்றினார். அம்மா ஓடிவந்தார்.

"சாமி இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்."

"சாமி இருந்துதானே ஆஸ்பத்திரிக்குப் போன?"

"அது சாமி குத்தமா? என் கை குத்தம்."

"அப்ப கைய வீட்ல வச்சுட்டு வா."

புஷ்பவள்ளி அத்தை வேறு வேலியோரம் நின்று, "மகளப் பாக்கப் போறீங்களா, இல்ல மரியாதையா சண்ட போடறதுக்கு வண்டி கட்டுனீங்களா?" என்றார். அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருசமா சாமியத்தான் புடிச்சிட்டு இருக்கேன். அத விட்டுட்டு வான்னு சொல்றீங்க" என்றபோது குரல் உடைந்தது.

எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. "முனியாண்டி வீட்டுக்குள்ளயா இருக்காரு?" என்றேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தொடங்கிவிட்டதால் முடிக்க வேண்டியதாகிவிட்டது. "ரோட்டு முனையிலதானே நிக்கிறாரு? அங்க நின்னுதானே தோட்டத்தயே பாத்துக்கிறாரு? வண்டியிலயும் சாமி முன்னால, அப்பா பக்கத்துல இருக்கட்டும். அம்மா பின்னால இருக்கட்டும்."

அம்மா முருகன் படத்தைக் கையில் எடுத்தார். பிறகு, "முன்னால இருந்தா ரோட்டப் பாத்துக்குவாரு" என்றார்.

"அப்ப நான் எதுக்கு?" என்றார் அப்பா.

இப்போது முருகன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறார். நடுவில் கூரையிலிருந்து தரை வரைக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் திரை போட்டிருக்கிறேன், ஜிப் வைத்தது. அம்மா முதலில் முன்னால் போய் விபூதி பூசிக்கொள்வார். பிறகு ஜிப். பிறகு முகமூடி, கை கழுவுதல். கழுவிய கை அதற்குப் பிறகு சாமியையும் தொடாது. தினமும் வேனுக்குள்ளேயே பழகுகிறோம். அம்மாவின் கை இன்னும் சில நேரம் நெற்றிக்குப் போகப் பார்க்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கொக்கியை மாட்டினேன். திரை போட்டதும் நான்தான். நீ கேட்கும் முன்பே எழுதிவிட்டேன்.

ஷாமினி


கூலிம்
2 ஆகஸ்ட் 2024

ஷாமினிக்கு,

அம்மாவிடம் மெதுவாகச் சொல். என்னை வார்டில் சேர்த்துவிட்டார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம், பிரசவம் வரை இங்கேயே இருக்க வேண்டும். எனக்கும் பிள்ளைக்கும் இப்போது ஆபத்து ஒன்றும் இல்லை.

ஆனால் வளைகாப்பு இனி எங்கே? அம்மாவை இந்த வார்டுக்குள் கூட்டிவர நானே விட மாட்டேன், இப்போதுதான் ஒரு கிருமியிலிருந்து தப்பி வந்தார். இவ்வளவு தூரம் ஓட்டிவந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா? வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா


கோலா சாவா
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். உனக்கு இரத்தம் படவில்லையே?

ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதுதானே? நாங்கள் வருகிறோம்.

ஷாமினி


கூலிம்
15 ஆகஸ்ட் 2024

என் தங்கச்சிக்கு,

நீங்கள் பத்திரமாக வீடு சேர்ந்ததை அப்பா போனில் சொன்னார். திரும்பி வந்த வழியிலும் தண்ணீர் தெளிவாகவே இருந்ததாமே. இங்கே நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். டாக்டர் வரும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்டுச் சிரிக்கிறார். ஆபரேஷனுக்குப் போகும்போது கழற்றித்தான் ஆக வேண்டுமாம், அதுவரை விட்டுவைத்திருக்கிறார்.

அம்மா கொண்டுவந்த தட்டை நினைத்துப் பார்க்கிறேன். பூ, சந்தனம், குங்குமம், வளையல், ஓரத்தில் கழுவி வெயிலில் காயவைத்த என் சப்பாத்து. "அடிச்சத திருப்பி வாங்க முடியாது, சப்பாத்தையாவது வாங்கிக்க" என்றார். கார் பார்க்கில், பள்ளிக்கூட வேனின் கட்டிலில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டவள் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் அதற்கு முன் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உனக்குத் தெரியாது.

வார்டு மிஸ்ஸி அரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார். அத்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வேன் கதவு சாத்தியிருந்தது. அப்பா வெளியே காவல் நின்றார், உதட்டில் விரலை வைத்தார். தண்ணீர் மாற்றும் நேரம். என்னைக் கதவுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, முகமூடியோடு, எதையும் தொடாமல் இரண்டு கைகளையும் முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். கையசைக்க முடியாது. கண்ணால் சிரித்தார், அழுதார். ஒரு கை மெல்லக் கண்ணைத் துடைக்கப் போனது.

அப்போது உள்ளே ஒரு குரல் கேட்டது.

"அம்மா, கண்ணத் தொடாதீங்க! கண்ணீர் தானா காயும். அக்கா எங்கயும் போயிட மாட்டா. மொதல்ல குழாய், அப்புறம் மக."

அம்மாவின் கை அப்படியே நின்றது.

அத்தான் குனிந்து, "உள்ள மிஸ்ஸி வந்திருக்காங்களா? யாரு பேசுறது?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி" என்றேன்.

அரை மணி நேரத்தில் பாதி அந்தக் கதவுக்கு வெளியேதான் போனது. ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. கதவைத் திறந்தாய். நாங்கள் எல்லாரும் நிற்பதைப் பார்த்ததும் முகமூடியைக்கூடக் கழற்றாமல் தலை குனிந்துகொண்டாய்.

பரவாயில்லை. நான் உன் குரலைக் கேட்டுவிட்டேன்.

அன்போடு,
ரோகினி